மழையிரவுக்கு ஒரு கூடாரம்

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலைனா மாநிலங்களின் எல்லையில் நீண்டு கிடக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா, 1934ஆம் ஆண்டு நிறுவப்பட்டது, ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டும் வருகைகளோடு, அந்நாட்டின் தேசியப் பூங்காக்களுள் மக்கள் மிகுதியாக வந்துசெல்லும் பூங்காவாகவும் அது விளங்குகிறது. மலைமுகடுகளின்மேல் நீலப் புகைபோலப் படிந்திருக்கும் மூடுபனியே அம்மலைக்குப் பெயர் தந்தது. அங்கே கூடாரமிட்டுத் தங்கும் குடும்பங்களின் முதற்கவலையும் அந்த ஈரமே. பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழையும், உயர்ந்த சிகரங்கள் சிலவற்றில் 2,100 மி.மீ.க்கும் மேற்பட்ட மழையும் பெய்கின்றன. தமிழ்நாட்டின் ஆண்டுச் சராசரி மழை 1,000 மி.மீ.யை எட்டுவதில்லை என்பதை நினைத்தால் இந்த அளவின் தன்மை விளங்கும். மேலும், பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டு, குடும்பங்கள் காரில் கிளம்பும் கோடை மாதங்களில்தான் பிற்பகல் இடிமழை அங்கே வழக்கமாகப் பெய்கிறது. பூங்காவின் பெரும்பாலான முகாம் திடல்களில் மின்னிணைப்போ குளியலறையோ கிடையாது என்பதால், மழை தொடங்கிய பின் ஒரு குடும்பத்துக்குக் கூடாரமும் காரும் தவிர வேறு ஒதுங்கிடம் இல்லை.

கார் முகாம் என்று வழங்கப்படும் இம்முறையில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்து ஒதுக்கப்பட்ட மனையில் வண்டியை நிறுத்தி, சில அடி தூரத்திலேயே கூடாரத்தை எழுப்பிக்கொள்கிறார்கள். முதுகில் சுமந்து மலையேறுபவர் ஒவ்வொரு கிராம் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்க, காரில் வருபவருக்கு எடை ஒரு பொருட்டே இல்லை. எவ்வளவு பெரிய, எவ்வளவு உயரமான கூடாரத்தையும் அவர் வாங்கிக் கொண்டுவரலாம். பல குடும்பங்களைத் தவறான தேர்வுக்கு இட்டுச்செல்வது இந்தத் தடையின்மைதான். இடவசதியும் மழைகாற்றைத் தாங்கும் வலிமையும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் பண்புகள்: சுவர் உயர்ந்து செங்குத்தாகும் அளவுக்குக் காற்றின் தாக்குதல் கூடுகிறது, சாளரங்கள் பெருகும் அளவுக்கு மழை நுழையும் வழிகளும் பெருகுகின்றன. வெயில் நாளில் எல்லாக் கூடாரங்களும் நல்ல கூடாரங்களாகவே தோன்றும். இரண்டு குழந்தைகளோடு பத்து மணி நேரம் உள்ளேயே அடைந்திருக்க நேரும் மழையிரவை மனத்தில் கொண்டு தேர்ந்தெடுக்கும் குடும்பமே சரியாகத் தேர்ந்தெடுக்கிறது. கூடாரத்தின் ஒவ்வொரு பகுதியையும் அந்த இரவின் கண்கொண்டு பார்ப்பதே பொருத்தமான வழி.

முதலில் நோக்க வேண்டியது, பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. ‘அறுவர் கூடாரம்’ என்ற சொல், ஆறு பேர் அதில் வசதியாக வாழலாம் என்று உறுதி கூறுவதாகக் கொள்ளலாகாது. ஆறு படுக்கைகளை இடைவெளியின்றி அடுக்கினால் தரை நிரம்பும் என்பது மட்டுமே அதன் பொருள். அமெரிக்கக் கடைகளில் பரவலாக விற்கும் அறுவர் கூடாரம் ஒன்றின் தரை பத்தடிக்குப் பத்தடி, அதாவது ஒவ்வொரு பக்கமும் 305 செ.மீ. முகாமில் விரிக்கும் வழக்கமான உறக்கப் பாயின் அகலம் 51 செ.மீ., நீளம் 183 செ.மீ. என்பதால், ஆறு பாய்களை ஒட்டிப் போட்டால் 306 செ.மீ. ஆகிறது, சுவருக்கும் சுவருக்கும் இடையே ஒரு விரற்கடைகூட மிஞ்சாது. கால்மாட்டில் எஞ்சும் ஏறத்தாழ நான்கடி அகலப் பட்டையில்தான் ஆறு பேரின் பைகள், செருப்புகள், நனைந்த மேற்சட்டைகள், விளக்குகள் அனைத்தும் அடங்க வேண்டும். நள்ளிரவில் ஒருவர் வெளியே செல்ல எழுந்தால் அவற்றை மிதிக்காமல் போக முடியாது.

அதே தரையில் நால்வர் கொண்ட குடும்பத்தை வைத்துக் கணக்கிட்டால் நிலைமை வேறாகிறது. பெற்றோருக்கு 152 செ.மீ. அகலமுள்ள இரட்டைக் காற்று மெத்தை ஒன்றும், குழந்தைகளுக்கு இரண்டு பாய்களுமாக 254 செ.மீ. போக, பக்கவாட்டில் அரை மீட்டரும் கால்மாட்டில் ஒரு மீட்டரும் மிஞ்சுகின்றன. எனவே குடும்பத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வரும் எண்ணையே கூடாரத்தின் எண்ணாகக் கொள்வது முகாம் அனுபவமுள்ளோரின் பொதுவழக்கு. மழை மிகுந்த இடங்களுக்குச் செல்வோர் அதையே குறைந்தபட்ச அளவாகக் கருதுவது நல்லது. ஆயினும், நால்வருக்குப் பத்துப் பேர் கூடாரத்தை வாங்கிவிடுவதும் அறிவுடைமையாகாது. தரை அகன்றால் கூரைத்துணி அகல்கிறது. அகன்ற துணி தொய்கிறது. தொய்ந்த இடத்தில் நீர் தேங்கி, அதன் சுமையே கம்புகளை வளைத்துவிடுகிறது.

உயரத்தைப் பற்றிய விளம்பர எண்ணும் இதேபோன்ற நுணுக்கம் உடையது. குவிமாட வடிவக் கூடாரத்தில் குறிப்பிடப்படும் ஆறடி உயரம் நட்டநடுவில் மட்டுமே கிடைப்பதாகும். நடுவிலிருந்து இரண்டடி விலகினால் பெரியவர்கள் குனிய வேண்டியதுதான். இரண்டு நீண்ட கம்புகள் உச்சியில் குறுக்கிட்டு வளைந்து, நான்கு மூலைகளில் இறங்கும் இவ்வடிவம் காற்றை வழுக்கிச் செல்லவிடுவதால் உறுதியானது. இதற்கு நேர்மாறானது சிற்றறை வடிவம்: ஏறத்தாழச் செங்குத்தான சுவர்களும் தட்டையான கூரையும் கொண்டு, மூலைவரை நிமிர்ந்து நடக்க இடம் தருவது. குழந்தைக்கு உடை மாற்றும் தாய்க்கும், முழங்கால் வலியுள்ள பாட்டிக்கும் இது பேருதவியாகத்தான் இருக்கும். ஆனால் காற்று பலமாக வீசும்போது இந்தச் சுவர்கள் பாய்மரமாகிவிடுகின்றன. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 30 கி.மீ. வேகக் காற்று 60 கி.மீ. ஆகும்போது சுவரின்மேல் விழும் விசை இரண்டு மடங்காகாமல் நான்கு மடங்காகிறது. பிற்பகலில் அசையாமல் நின்ற கூடாரம் இடிமழையின் முதற்காற்றில் மடிந்து விழுவதன் காரணம் இதுவே.

ஐரோப்பியக் குடும்பங்கள் பெரிதும் விரும்பும் சுரங்க வடிவம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தீர்வு. வரிசையாக நிற்கும் அரைவட்ட வளைவுகளின்மேல் துணியை நீட்டி இழுத்துக் கட்டும் இது, மாட்டுவண்டியின் கூண்டை நினைவூட்டும் தோற்றமுடையது. நீளவாக்கில் நிமிர்ந்து நடக்கலாம்; குறுகிய பின்பக்கம் காற்றை நோக்குமாறு வைத்தால் நன்கு தாங்கும்; ஆனால் பக்கவாட்டுக் காற்றுக்கு இளகும், கயிறுகளை அவிழ்த்துவிட்டால் தானாக நிற்கவும் செய்யாது. பல சுரங்கக் கூடாரங்களில் வெளித்துணியே முதலில் எழுப்பப்படுகிறது அல்லது உட்பகுதி ஏற்கெனவே அதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆதலால் மழையிலேயே எழுப்பினாலும் படுக்குமிடம் நனைவதில்லை. உட்கூட்டை முதலில் எழுப்பி, அதன்மேல் மழை மேலுறையைப் போர்த்தும் அமெரிக்க வழக்கத்தில், மழையில் வந்து சேரும் குடும்பத்தின் தரை ஐந்து நிமிடத்தில் நனைந்துவிடக்கூடும். கம்புகள் முன்னதாகவே இணைக்கப்பட்டு, குடையைப்போல் விரியும் ‘உடனடிக்’ கூடாரங்களை இந்தக் காரணம் பற்றியே மதிக்க வேண்டும். ஆயினும் அவற்றின் கம்பு மூட்டுகள் உடைந்தால் முகாமிடத்தில் சரிசெய்வது எளிதன்று.

கூடாரத்தைத் திரையிட்டு இரண்டு அறைகளாக்கும் வசதியைப் பெற்றோர் பலர் விரும்புகிறார்கள். இது புதிய எண்ணமும் அன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு, கார்காலத்துப் பாசறையைக் காட்டுமிடத்து, வலிய கயிற்றில் திரை தொங்கவிட்டு இரண்டு அறைகளாகப் பிரித்த அரசனின் பள்ளியறையைக் குறிப்பிடுகிறது. மழைக்காலத்தில் கூடாரத்தினுள் நெடுநேரம் இருக்க வேண்டியவருக்கு ஓர் இடைத்திரை எவ்வளவு தேவை என்பது அன்றும் அறியப்பட்டிருந்தது. எனினும், குழந்தைகள் தூங்கிய பின் பெரியவர்கள் விளக்கேற்றி அமர்ந்திருக்க உதவும் இந்தத் திரையைக் காட்டிலும், மழைநாளில் கூடுதலாகப் பயன்படுவது வாயிலுக்கு முன்னால் மேலுறை நீண்டு அமையும் முன்றில் ஆகும். பழைய தமிழ் வீடுகளின் ரேழியைப்போல, வெளியும் உள்ளும் அல்லாத இந்தச் சிறு மூடிய இடத்தில்தான் சேறு படிந்த காலணிகளும் நனைந்த உடைகளும் நின்றுவிடுகின்றன. அது இல்லாத கூடாரத்தில் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் மழை நேராகப் படுக்கைமேல் விழுகிறது. தரைப்பரப்பில் ஒரு சதுர மீட்டர் குறைந்தாலும் முன்றில் உள்ள கூடாரமே மேல்.

கூடாரத்தின் உயிர்ப்பகுதி, ரெயின்ஃப்ளை எனப்படும் மழை மேலுறை. பெரும்பாலான குடும்பக் கூடாரங்கள் இரட்டைச் சுவர் அமைப்புடையவை: உட்கூடு காற்றோட்டத்துக்காக வலைத்துணியால் ஆகியிருக்க, அதன்மேல் சிறிது இடைவெளி விட்டு நீர்புகாத மேலுறை கட்டப்படுகிறது. விலை குறைந்த கூடாரங்களில் இந்த மேலுறை உச்சியை மட்டும் தொப்பிபோல் மூடி, சுவர்களையும் சாளரங்களையும் வெறுமையாக விட்டுவிடுகிறது. நேர்க்குத்தாகப் பெய்யும் தூறலுக்கு அது போதும். காற்றோடு சாய்ந்தடிக்கும் மழைக்குப் போதாது. மேலுறை நான்கு பக்கமும் தரைக்கு ஒரு சாண் உயரம்வரை இறங்கி வருகிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். கூடாரத்தைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க மட்டும் வாய்ப்புள்ளவர் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே. முழு மேலுறையில்லாத ஒரு கூடாரம் விசாலத்தால் எவ்வளவு சிறந்திருப்பினும், ஸ்மோக்கி மலை போன்ற இடத்துக்கு அதைப் பரிந்துரைக்க இயலாது.

துணி எவ்வளவு நீரைத் தடுக்கும் என்பதைக் குறிக்க ‘ஹைட்ரோஸ்டேட்டிக் ஹெட்’ எனப்படும் நீர்த்தம்ப அளவை பயன்படுகிறது. துணியை இறுகப் பிடித்து அதன்மேல் நீரின் அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போய், மறுபக்கம் மூன்று இடங்களில் துளிகள் தோன்றும்போது அந்த அழுத்தத்துக்கு ஈடான நீர்த்தம்பத்தின் உயரத்தை மி.மீ. கணக்கில் குறிப்பார்கள். 1,500 மி.மீ. என்று எழுதப்பட்ட துணி, ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தம்பத்தைத் தாங்கும் என்று பொருள். இந்த மி.மீ. மழையளவைக் குறிக்கும் மி.மீ. அன்று; இரண்டையும் குழப்பிக்கொண்டு, 2,100 மி.மீ. மழை பெய்யும் மலைக்கு 2,100 மி.மீ. துணி வேண்டும் என்று எண்ணுவது தவறு. மேலுறைக்கு 1,500 மி.மீ. என்பது நல்ல தொடக்கம்; தரைத்துணிக்கு 3,000 மி.மீ. அல்லது அதற்கு மேல் வேண்டும். ஈரத் தரையின்மேல் ஒருவர் முழங்காலை ஊன்றும்போது, அந்தச் சிறு பரப்பில் அவர் உடலின் எடை முழுவதும் இறங்கி, விழும் மழைத்துளியைவிடப் பன்மடங்கு அழுத்தத்தோடு நீரைத் துணியினூடே மேலே பிழிகிறது. ‘டெனியர்’ என்று காணப்படும் மற்றோர் எண், 9,000 மீட்டர் நூலின் எடையைக் கிராமில் சொல்வது. 75 டெனியர் நூல் 68 டெனியர் நூலைவிடச் சற்றுத் தடித்தது என்பதற்கு மேல் அந்த எண்ணுக்குப் பொருளில்லை, நீர்காப்பை அது தெரிவிக்காது.

நல்ல துணியாலான கூடாரமும் ஒழுகுவதுண்டு. அப்போது குற்றம் பெரும்பாலும் தையலில் இருக்கும். ஊசி குத்திய ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வாயில். ஆகவே, தரமான மேலுறைகளில் தையலின் உட்புறம் முழுவதும் ஒரு மெல்லிய நாடா சூட்டால் ஒட்டப்பட்டிருக்கும். மேலுறையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பளபளக்கும் பட்டையாக அது கண்ணுக்குத் தெரியும். நாடா இல்லாத தையல்களுக்குத் தையற்பசை என்னும் திரவத்தை வாங்கித் தூரிகையால் தடவலாம். கூடாரம் புதிதாயினும் ஒரு மாலைப்பொழுதை இதற்குச் செலவிடுவது வீணாகாது. தரையின் அமைப்பும் கவனத்துக்குரியது. தரைத்துணி சுவரோடு மூலையில் தைக்கப்படாமல், ஒரு சாண் உயரம்வரை மடிந்தேறி, அதன் பிறகே சுவரோடு இணைவதைத் தொட்டித் தரை என்பர். கூடாரத்தைச் சுற்றி நீர் ஓடினாலும் உள்ளே புகாமல் காப்பது இந்த மடிப்பே.

பிரான்ஸ் நாட்டின் டெகாத்லான் நிறுவனம், தன் குவெச்சுவா கூடாரங்களை ஒரு மணி நேரத்தில் சதுர மீட்டருக்கு 200 லிட்டர், அதாவது 200 மி.மீ., நீர் பொழியும் செயற்கை மழையின்கீழ் நிறுத்திச் சோதிப்பதாகத் தெரிவிக்கிறது. துணியை மட்டும் வெட்டியெடுத்துச் சோதிப்பதைவிட, தையல், ஜிப், தரை ஆகியவற்றோடு எழுந்து நிற்கும் முழுக் கூடாரத்தைச் சோதிக்கும் இத்தகைய முறை வாங்குபவருக்கு உண்மைக்கு நெருக்கமான செய்தியைத் தருகிறது. தமிழ்நாட்டுக் கடைகளிலும் இக்கூடாரங்கள் கிடைப்பதால், துணியின் எண்ணோடு இந்தச் சோதனைக் குறிப்பையும் சேர்த்துப் படிக்கும் பழக்கம் இங்குள்ளவர்களுக்கும் பயன்படும்.

விடிந்ததும் சுவரைத் தொட்ட குழந்தையின் கை நனைந்திருக்கக் கண்டு, கூடாரம் ஒழுகிவிட்டதாக முடிவு செய்யும் குடும்பங்கள் பல. அந்த நீர் வானத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. உறங்கும் பெரியவர் ஒருவர் மூச்சாலும் தோலாலும் ஓர் இரவில் கால் லிட்டருக்குக் குறையாத நீரை ஆவியாக வெளியேற்றுகிறார். நால்வர் உறங்கும் மூடிய கூடாரத்தில் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீராவி சேர்ந்து, குளிர்ந்த மேலுறையின் உட்புறத்தில் பட்டுத் துளிகளாகிறது. இதைத் தடுக்கும் ஒரே வழி காற்றோட்டம். மழை பெய்யும்போதும் திறந்தே வைக்கக்கூடிய, மேற்கூரை நீட்டால் மூடப்பட்ட துவாரங்கள் உச்சியிலும், அவற்றுக்கு எதிராகத் தரையருகே தாழ்ந்த துவாரங்களும் இருந்தால், சூடான ஈரக்காற்று மேலே வெளியேற, உலர்ந்த காற்று கீழே நுழைகிறது. குளிருக்கு அஞ்சி எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிடுவது ஈரத்தை உள்ளே சிறைப்பிடிப்பதாகும். துவாரத்தைத் திறந்துவிட்டு, கனத்த போர்வை ஒன்றைக் கூடுதலாக எடுத்துச்செல்வதே சரியான வழி. காரில் வருபவருக்குப் போர்வை சுமையாகாது.

பருத்திக் கித்தானால் ஆன கூடாரங்களில் இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அத்துணி சுவாசிக்கிறது. மழை பட்டதும் பருத்தி இழைகள் உப்பி நெசவின் இடைவெளிகளைத் தாமே அடைத்துக்கொள்கின்றன. இதன்பொருட்டே புதிய கித்தான் கூடாரத்தை முதலில் ஒருமுறை நனைத்து உலர்த்த வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் கூறுகின்றனர். 1960களில் சால்ட் லேக் சிட்டியில் உருவான ஸ்பிரிங்பார் கூடாரம் இன்றும் அவ்வாறே கித்தானில் தைக்கப்படுகிறது. பத்தடிக் கித்தான் கூடாரம் 25 முதல் 30 கிலோ எடை இருக்கும். அதே அளவு பாலியெஸ்டர் குவிமாடம் எட்டுக் கிலோவைத் தாண்டாது. கித்தானை ஈரத்தோடு மடித்துவைத்தால் சில நாட்களில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்பதும், நகரத்து அடுக்குமாடி வீட்டில் அதை உலர்த்த இடமில்லை என்பதும் அதன் பெருங்குறைகள். வெயிலையும் ஈரத்தையும் ஒருங்கே தாங்குவதில் பாலியெஸ்டரே பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்துகிறது. நைலான் வலிமையானதாயினும் நனைந்தால் நீண்டு தொய்வதால், பெரிய கூடாரங்களின் மேலுறைக்கு அவ்வளவு ஏற்றதாகாது.

கம்புகளின் வரலாற்றில் 1955 ஒரு திருப்புமுனை. அவ்வாண்டில் அமெரிக்க ஓவியரும் வடிவமைப்பாளருமான பில் மாஸ், வளையும் கண்ணாடியிழைக் கம்புகளால் இழுத்துப் பிடிக்கப்பட்ட குவிமாடக் கூடாரத்தை உருவாக்கினார். நடுவில் நட்ட தூணும் கனத்த சட்டங்களும் இல்லாமல், வளைவின் இழுவிசையாலேயே துணியை நிறுத்தலாம் என்பதை அது காட்டியது. இன்று விலை குறைந்த கூடாரங்கள் எல்லாம் கண்ணாடியிழையையே நாடுகின்றன. ஆயினும் அது வெடிக்கும்போது நீளவாக்கில் கூர்மையான சிம்புகளாகப் பிளந்து, துணியையும் கையையும் கிழிக்கும். அலுமினியக் கம்பு வளைந்து கொடுக்கும். உடைவதற்கு முன் எச்சரிக்கும். உடைந்தாலும் சிறு குழாய் ஒன்றை மேலே செருகிக் கட்டிவிடலாம். விலையில் உயர்வு இருப்பினும், பரப்பை ஓரடி குறைத்தாவது அலுமினியக் கம்புகளுக்குச் செலவிடுவதே தக்கது.

கூடாரத்தோடு பையில் வரும் மெல்லிய கம்பி முளைகளை நம்பலாகாது. கடினமான தரையில் அவை வளைந்துவிடும்; மழையில் ஊறிய மண்ணில் கயிறோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நீண்ட எஃகு முளைகள் ஒரு கட்டும், அவற்றை அறையச் சுத்தியல் ஒன்றும் வாங்கிக்கொள்வது, கூடாரத்தின் விலையோடு ஒப்பிட்டால் மிகச் சிறிய செலவே. இழுகயிறுகள் சுவரின் நடுவிலிருந்து தரையை நோக்கி ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். வானம் தெளிவாக இருந்தாலும், உறங்கச் செல்லுமுன் அவற்றைக் கட்டிவிட வேண்டும். பெரும்பாலோர் இந்தக் கயிறுகளைப் பையிலிருந்து எடுப்பதே இல்லை. காற்று எழுந்த பிறகு இருட்டில் அவற்றைத் தேடுகிறார்கள்.

வாங்குமுன் முகாமிடத்தின் அளவையும் அறிந்துகொள்ள வேண்டும். லிட்டில் ரிவர் ஆற்றையொட்டி 200க்கும் மேற்பட்ட மனைகளோடு அமைந்துள்ள எல்க்மான்ட், ஸ்மோக்கி மலையின் மிகப் பெரிய முகாம் திடல். அதைப்போன்ற தேசியப் பூங்காத் திடல்கள் பலவற்றில், சட்டமிட்டுச் சரளை பரப்பிய கூடார மேடையின்மேல்தான் கூடாரத்தை எழுப்ப வேண்டும். மேடையைவிட அகன்ற கூடாரத்தோடு வந்து சேரும் குடும்பம் செய்வதறியாது நிற்கும். முன்பதிவுத் தளத்தில் ஒவ்வொரு மனைக்கும் மேடையின் நீள அகலம் குறிக்கப்பட்டிருந்தால், முன்றிலையும் இழுகயிறுகளையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது அவசியம். தரைத்துணிக்குக் கீழே விரிக்கும் காப்புத்துணி கூடாரத்தின் விளிம்புக்கு உள்ளடங்கியே இருக்க வேண்டும். சிறிதேனும் வெளியே நீட்டினால் மேலுறையிலிருந்து வடியும் நீரைப் பிடித்து அடியில் தேக்கிவிடும். கூடாரத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டும் பழைய முறை மண்ணரிப்புக்கு வழிவகுப்பதால், தேசியப் பூங்காக்களில் அதற்கு இடமில்லை. தாழ்ந்த இடத்தைத் தவிர்த்தாலே அந்தக் கால்வாய்க்குத் தேவை இராது; பட்ட கிளைகள் தொங்கும் மரத்தடியையும் தவிர்க்க வேண்டும்.

எந்த விலையுள்ள கூடாரமாயினும் மூன்று இடர்களுக்கு எதிராக அது காப்பாகாது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். முதலாவது மின்னல்: துணியும் கம்பும் மின்னலைத் தடுப்பதில்லை, இடியோசை கேட்டதும் எல்லோரும் உலோகக் கூரையுள்ள காருக்குள் சென்று, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். இரண்டாவது, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு: குளிரோ மழையோ எவ்வளவு இருந்தாலும் கரியடுப்பையும் எரிவாயு அடுப்பையும் கூடாரத்தினுள் ஏற்றவே கூடாது, முன்றிலிலும் கூடாது. மூன்றாவது கருங்கரடி: ஸ்மோக்கி மலையில் அவை மிகுதி. உணவும் பற்பசை போன்ற மணமுள்ள பொருள்களும் கூடாரத்தில் அல்லாமல், மூடிய காரிலேயே இரவில் இருக்க வேண்டும் என்பது பூங்காவின் விதி.

வீடு திரும்பியபின் செய்யும் ஒரு வேலையில்தான் கூடாரத்தின் ஆயுள் தங்கியிருக்கிறது. மேலுறையின் உட்புறத்தில் பூசப்பட்டிருக்கும் பாலியூரிதேன் பூச்சு, ஈரத்தோடும் வெப்பத்தோடும் நெடுநாள் மடிந்து கிடந்தால், நீரின் வினையால் சிதைந்து பிசுபிசுப்பாகி, துர்நாற்றத்தோடு உரிந்துவிடுகிறது; அப்படிக் கெட்ட பூச்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மொட்டைமாடியிலோ, கொடியிலோ, நாற்காலிகளின்மேலோ விரித்து, தையல்களும் மூலைகளும் நன்கு உலரும்வரை விட்டு, இறுக்கமின்றி மடித்து வைக்கப்படும் கூடாரம் பல ஆண்டுகள் உழைக்கும். அதைச் சூடேறும் காரின் பின்பெட்டியில் விட்டுவைக்கலாகாது.

புதிய கூடாரம் வீட்டுக்கு வந்ததும், கடை அதைத் திரும்பப் பெறும் கெடு முடிவதற்குள், முற்றத்தில் ஒருமுறை முழுமையாக எழுப்பி, மேலுறையைப் போர்த்தி, கயிறுகளைக் கட்டி, தோட்டக் குழாயால் எல்லாப் பக்கமிருந்தும் கால் மணி நேரம் நீர் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே அமர்ந்து, தையல்களையும் ஜிப்புகளையும் மூலைகளையும் கையால் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். எங்கேனும் துளி தோன்றினால் அந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, உலர்ந்ததும் தையற்பசை பூசலாம், ஒழுகல் பல இடங்களில் இருந்தால் கூடாரத்தையே திருப்பிக் கொடுத்துவிடலாம். கூடாரத்தை நம்பிக் குழந்தைகளை அழைத்துச்செல்லும் பெற்றோர் ஒவ்வொருவரும் இந்தக் கால் மணி நேரச் சோதனையைத் தவறாமல் செய்ய வேண்டுகிறோம்.